பாத்தியும் விற்பனை மேசையும்: ஹவானாவின் அலமார் தோட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்குக் கிழக்கே அலமார் என்றொரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. 1970களில் தொழிலாளர் குழுக்கள் தங்களுக்கான வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்ட இடம் அது. ஒரே அச்சில் வார்த்தாற்போலக் கட்டடங்கள், நடுநடுவே எதற்கும் பயன்படாமல் கிடந்த பொட்டல்கள். அந்தப் பொட்டல்களில் ஒன்றில் 1997இல் நாலைந்து பேர் ஒரு சிறு துண்டு நிலத்தில் காய்கறி போடத் தொடங்கினார்கள். ‘ஆர்கனோபோனிகோ விவேரோ அலமார்’ என்ற பெயரில் அது வளர்ந்து, 10 ஹெக்டேரைத் தொட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கும் கூட்டுறவுப் பண்ணையானது.

படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் நீளநீளமான பாத்திகளைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தைப் புரிந்துகொள்ள நிற்க வேண்டிய இடம் சாலையோரத்து விற்பனை மேசை. அன்றைய காய்களும் விலையும் எழுதிய பலகை, ஒரு தராசு, வீட்டிலிருந்து பை கொண்டுவந்து வரிசையில் நிற்கும் அக்கம்பக்கத்து மக்கள். எதை விதைப்பது, எத்தனை நாளுக்கொருமுறை விதைப்பது, எப்போது பிடுங்குவது என்ற மூன்றையும் தீர்மானிப்பது அந்த மேசைதான். மேசையை மறந்து பாத்தியை மட்டும் நகலெடுத்த தோட்டங்கள் உலகம் முழுக்க இரண்டாம் வருடத்திலேயே களைமண்டிப் போவதற்குக் காரணமும் அதுவே என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏன் நகரத்துக்குள்?

கியூபா தன் எரிபொருள், உரம், பூச்சிமருந்து, தானியம் எல்லாவற்றுக்கும் சோவியத் கூட்டமைப்பை நம்பியிருந்தது. 1991இல் அது கலைந்ததும் டீசல் நின்றது. டீசல் நின்றதும் கிராமத்து விளைச்சலை நகரத்துக்கு ஏற்றிவரும் லாரிகள் நின்றன. விளைந்த காய் வயலோரத்தில் அழுக, அப்போது இருபது லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஹவானாவில் சந்தைகள் காலியாகக் கிடந்தன. அரசு ‘சிறப்புக் காலம்’ என்று பெயர் வைத்த, பஞ்சம் வாட்டிய வருடங்கள் அவை. உணவு நகரத்துக்கு வர முடியாதென்றால் நகரத்துக்குள்ளேயே விளைய வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

சட்டத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. 1993இல் பெரிய அரசுப் பண்ணைகளை உடைத்து ‘யூபிபிசி’ எனும் அடிப்படைக் கூட்டுறவு அலகுகளாக்கினார்கள். நிலம் அரசுக்கு, உழைப்பவர்களுக்குக் காலவரையின்றி, வாடகையின்றி அனுபவ உரிமை, விளைச்சலும் கருவிகளும் அவர்களுடையவை. 1994 அக்டோபரில் விவசாயச் சந்தைகள் திறந்தன. அரசுக்கு விற்றாக வேண்டிய கொள்முதல் கடமையை முடித்தவர்கள் மீதியைத் தாங்களே விலைவைத்து விற்கலாம் என்றானது. நகரத்துக் காலிமனைகளும் இதேபோல அனுபவ உரிமையில் கைமாறின. பயிர் செய்யும்வரை உரிமை உண்டு, தரிசாகப் போட்டால் திரும்பப் போகும்.

‘குடியிருப்பிலேயே, குடியிருப்பாராலேயே, குடியிருப்புக்காகவே விளைவிப்போம்’ என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். மூன்றாவது சொல்லான ‘குடியிருப்புக்காகவே’ என்பதை நடைமுறையாக்கியது விற்பனை மேசை.

பாத்தி: ஓர் அளவு தவறினாலும் மற்றது கெடும்

‘ஆர்கனோபோனிகோ’ என்ற சொல்லுக்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. முன்பு கியூபாவில் மண்ணில்லா வேளாண்மைக்குக் கட்டிய நீளமான தொட்டிகள் பல இருந்தன. இறக்குமதி ரசாயன ஊட்டம் நின்றதும் அந்தத் தொட்டிகளில் மண்ணையும் மட்கையும் நிரப்பிப் பயிர் செய்தார்கள். ஹைட்ரோபோனிக் ஆர்கனோபோனிக் ஆனது. 1987 டிசம்பரிலேயே ராணுவ முகாம் ஒன்றில் இம்முறை சோதிக்கப்பட்டிருந்தது. பஞ்சம் வந்தபோது அது நகரமெங்கும் பரவியது. மண் கெட்டுப்போன இடத்திலும், சிமெண்டுத் தரையிலும், இடிபாடு கொட்டிய மனையிலும் செய்யலாம் என்பதுதான் இதன் பலம். (மண் நன்றாக இருக்கும் இடத்தில் சுவரே தேவையில்லை. அலமாரிலும் பெரும்பரப்பு நிலத்து மண்ணிலேயே போட்ட பாத்திகள்தான்.)

பாத்தியின் அகலம் 1.2 மீட்டர். இரு பக்கமும் குந்தி உட்கார்ந்து கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படவே கூடாது. இந்த அளவு அதற்காகத்தான். நீளம் 15 முதல் 30 மீட்டர். அதற்கு மேல் போனால் தண்ணீர் அழுத்தம் கடைசிவரை சீராகப் போகாது. சுவர் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம். நடைபாதை அரை மீட்டர். கைவண்டி போக நடுவே ஒன்றரை மீட்டர் பாதை. வடக்கு தெற்காக நீட்டினால் உயரமான பயிரின் நிழல் நாள் முழுக்க ஒரே பக்கம் விழாது. சரிவு இருந்தால் திசையை விட்டுவிட்டுச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும். இல்லையென்றால் மழை மட்கைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

சுவருக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்தார்கள்: கல், சிமெண்டுக் கட்டை, உடைந்த ஓடு, பழைய கல்நார்த் தகடு. கடைசியாகச் சொன்னதை யாரும் பின்பற்ற வேண்டாம். கல்நார் உடையும்போதும் தேயும்போதும் பறக்கும் இழை நுரையீரலுக்கு நஞ்சு. பஞ்ச காலத்து நிர்ப்பந்தத்தை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே நிரப்புவது பாதிக்குக் குறையாமல் மட்கு, மீதி நல்ல மண். 30 மீட்டர் பாத்தி ஒன்றுக்கு 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 10.8 கன மீட்டர் கலவை வேண்டும். அதில் மட்கு மட்டும் 5.4 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 3 டன். இடம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘நிலம் எவ்வளவு?’ என்பதல்ல, ‘மட்கு எங்கிருந்து, எந்த வண்டியில்?’ என்பது. போட்டு முடித்தாலும் தீராது. மட்கு சிதைந்து மண் அமுங்கிக்கொண்டே போகும். வருடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ மட்கு மேலே சேர வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. ஒரு ஹெக்டேரில் பாதை போக 6,000 சதுர மீட்டர் பாத்தி நிற்கும் என்று வைத்தால், வருடத்துக்கு 60 டன். மாட்டுச்சாணம், கரும்பாலைக் கழிவு, நெல் உமி, மண்புழு உரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த அளவை எட்ட முடியும். ஆகவேதான் அலமாரில் மண்புழுத் தொட்டிகளும் மாடுகளும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. தரம் பிரிக்காத நகரக் குப்பையை மட்காக்கிப் போடுவது ஆபத்து. கண்ணாடியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம். பேட்டரியிலிருந்து கசிந்த ஈயத்தைப் பொறுக்க முடியாது.

அடித்தளம் கெட்டியாக இருந்தால் கலவை கொட்டுமுன் கடப்பாரையால் குத்தி இளக்க வேண்டும். சிமெண்டுத் தரையானால் சரளை பரப்பிச் சுவரின் அடியில் துளை விட வேண்டும். இதை விட்டால் முதல் பெருமழையிலேயே பாத்தி தொட்டியாகித் தண்ணீர் தேங்கி நாற்று அழுகும். மே முதல் அக்டோபர் வரை ஹவானாவில் மழைக்காலம் என்பதால் இந்தத் தவறு அங்கே ஒளிந்திருக்க முடியாது.

தண்ணீர், வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 லிட்டர். 30 மீட்டர் பாத்திக்கு 216 லிட்டர் வரை. பாத்தியின் நடுவே ஒரு குழாய், அதில் மைக்ரோ ஜெட் தெளிப்பான்கள். ஒரே மூச்சில் விடாமல் காலையும் மாலையும் பிரித்து விட வேண்டும்; பாதிக்குப் பாதி மட்கான கலவை ஒரே முறையில் அவ்வளவையும் பிடித்துவைக்காது. அடிக்கடி வரும் கோளாறு, குழாய் தொடங்கும் தலைப்பில் ஈரமும் பாத்தியின் கடைசியில் வறட்சியும். சரிபார்க்கச் செலவே இல்லை: தலைப்பு, நடு, கடைசி மூன்று இடத்திலும் ஒரே அளவுக் குவளை வைத்து 10 நிமிடம் தண்ணீர் விட்டு அளக்க வேண்டும். கடைசிக் குவளையில் முதல் குவளையின் முக்கால் பங்குகூட இல்லையென்றால் வடிகட்டியைக் கழுவ வேண்டும், இல்லை ஒரே நேரத்தில் திறக்கும் பாத்திகளைக் குறைக்க வேண்டும்.

மேசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கு

தோட்டம் தொடங்கும் குழுக்கள் வழக்கமாகச் செய்வது இது. எல்லாப் பாத்தியும் தயாரானதும், உற்சாகத்தில், ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் நட்டுவிடுவார்கள். ஐந்து வாரம் கழித்து மேசையில் ஒரே நாளில் ஆயிரம் லெட்யூஸ் (பச்சையாகவே தின்னும் இலைக்கீரை) வரும். முந்நூறு விற்கும். அடுத்த மூன்று வாரம் மேசை காலி. வாங்க வந்த அம்மா இரண்டு முறை வெறும் பையோடு திரும்பினால் மூன்றாம் முறை வரமாட்டார். நடந்து வந்து வாங்குகிற மக்களை நம்பிய கடைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. லாரி வியாபாரிக்கு விற்கும் பண்ணை ஒரே நாளில் மொத்தமாக அறுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கும் தோட்டம் தினமும் கொஞ்சம் அறுக்க வேண்டும்.

ஆகவே கணக்கு மேசையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. தினம் 200 லெட்யூஸ் வேண்டும் என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

நட்டதில் 15 சதம் சாகும், கோணும், நத்தை தின்னும். ஆக 200 கைக்கு வர தினசரி 235 நாற்று நட வேண்டும். நட்டபின் 30 நாள் பாத்தியில் இருக்கும். பிடுங்கியபின் சுத்தம் செய்து, மட்கு போட்டு, ஈரம் ஊற வைக்க 3 நாள். ஆக ஓர் இடம் 33 நாளுக்கு மாட்டிக்கொள்கிறது. 235ஐ 33ஆல் பெருக்கினால் 7,755 இடம் வேண்டும்.

1.2 மீட்டர் அகலத்தில் ஓரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 6 வரிசை வரும். நீளவாக்கிலும் 20 சென்டிமீட்டர். 30 மீட்டர் பாத்தியில் 900 செடி. 7,755ஐ 900ஆல் வகுத்தால் எட்டரைக்கு மேல். அதாவது 9 பாத்தி. எல்லாவற்றையும் விட முக்கியமான எண் அடுத்தது: 900ஐ 235ஆல் வகுத்தால் 3.8. நான்கு நாளைக்கு ஒரு பாத்தி நட வேண்டும், நான்கு நாளைக்கு ஒரு பாத்தி காலியாகும். நாற்றங்காலில் நாற்று 22 நாள் நிற்குமென்றால் ஒரே சமயத்தில் ஆறு வெவ்வேறு வயது நாற்றுகள் வரிசையாக இருக்கும். முளைக்காததையும் நோஞ்சானையும் கழித்து, ஒவ்வொரு தவணைக்கும் 1,060 விதை.

இவ்வளவையும் நோட்டில் எழுதி வைத்தால் போதாது. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் நட்ட தேதியும் பிடுங்க வேண்டிய தேதியும் எழுதிய சிறு பலகை வேண்டும். யார் விடுப்பில் போனாலும் அடுத்தவர் பலகையைப் பார்த்து வேலையைத் தொடரலாம்.

இதே கணக்கு பயிருக்குப் பயிர் மாறும். முள்ளங்கி நேரடி விதைப்பு, 28 முதல் 30 நாள். நீளக் காராமணி 50 நாளில் காய்க்கத் தொடங்கி ஒரு மாதம் காய்க்கும். அதைத் தவணையாகப் போட இரண்டு வாரத்துக்கு ஒரு விதைப்பு போதும். வெங்காயத்தாள் போன்றவற்றை அறுக்க அறுக்கத் தழையும் என்பதால் தவணையே வேண்டாம். ஓரத்தில் நிரந்தரமாக ஒரு பாத்தி.

கோடைதான் சோதனை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை லெட்யூஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட், தக்காளி எல்லாம் சிரமமில்லாமல் வரும். ஜூலையில் லெட்யூஸ் கசந்து, தண்டு விட்டுப் பூத்துவிடும். அப்போது மேசையைத் தாங்குவது வெண்டை, நீளக் காராமணி, வெள்ளரி, வெங்காயத்தாள். கீரை கேட்டு வருகிறவர்களுக்காக நிழல்வலைக்குக் கீழே கொஞ்சம் லெட்யூஸ். கோடை மேசை மெலிந்துதான் இருக்கும். அதை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுவது மேல்; குளிர்காலத்து அளவைக் கோடையிலும் காட்ட நினைத்து நிழல்வலையை எல்லாப் பாத்திக்கும் போட்டால் பணமும் போய்ச் செடியும் வெளுத்து நீளும்.

வேரில் முடிச்சு

ஆர்கனோபோனிகோக்களைக் கொல்லும் நோய்களில் கொடியது வேர்முடிச்சு நூற்புழு. திறந்த வயலில் அது பரவலாகச் சிதறியிருக்கும். சுவருக்குள் அடைத்த மண்ணில், வருடத்துக்கு ஐந்தாறு பயிர் இடைவிடாமல் போடும்போது, அது பெருகிப் பெருகிக் குவிகிறது. வெளியே அடையாளம் தெரிவது தாமதமாகத்தான். நண்பகலில் செடி துவளும், மாலையில் தேறும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுவார்கள். ஒரு செடியை மண்ணோடு எடுத்து வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பார்த்தால் உண்மை தெரியும்: வேரெங்கும் கடுகிலிருந்து பட்டாணி வரை முடிச்சுகள். அவரை இனத்து வேரில் நன்மை செய்யும் பாக்டீரியா முடிச்சு இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், உதிராது.

மருந்து அடிக்க வழியில்லை. நகருக்குள் ரசாயனப் பூச்சிமருந்து தடை. அங்கே கைக்கொண்ட வழி லெட்யூஸையே பொறியாக வைப்பது. நூற்புழுக் குஞ்சு வேருக்குள் புகுந்தால் பிறகு நகராது, அங்கேயே பருத்து முட்டையிடும். வெப்பமான மண்ணில் இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் செடியை வேரோடு பிடுங்கினால் முட்டையிடுமுன் புழுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். லெட்யூஸோ முள்ளங்கியோ அந்தக் காலத்துக்குள் விற்பனைக்கும் வந்துவிடுகிறது. பொறியும் பயிரும் ஒன்றே.

மேசையும் பாத்தியும் ஒன்றையொன்று தாங்குவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். லெட்யூஸைக் கத்தியால் அறுத்தால் வேர் மண்ணிலேயே தங்கிப் புழு பிழைத்துக்கொள்ளும். வேரோடு பிடுங்கினால் புழு வெளியேறும். வேரோடு இருக்கும் லெட்யூஸ் வாளித் தண்ணீரில் நின்று மதியம்வரை வாடாமலும் இருக்கும். வாங்குகிறவருக்கு எதிரிலேயே வேரை நறுக்கிக் கொடுக்கலாம். ஆனால் நறுக்கிய வேரை மட்குக் குழியில் போட்டால் எல்லாம் வீண். மூடியுள்ள தொட்டியில் சேர்த்து, கறுப்பு பிளாஸ்டிக் விரித்து வெயிலில் மொறமொறவென்று காய வைத்தபிறகே குழிக்குப் போக வேண்டும். மேசை மந்தமாகி விற்பனை பத்து நாள் தள்ளினால் பொறி தலைகீழாகும்: நிற்கும் லெட்யூஸ் வேரில் புழு முட்டையிட்டுவிடும். அப்போது விற்காவிட்டாலும் குறித்த தேதியில் பிடுங்கி மாட்டுக்குப் போடுவதுதான் சரி. பலகையில் எழுதிய தேதியை மீறக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

முடிச்சு கண்ட பாத்தியில் வெண்டை, தக்காளி, வெள்ளரி போடவே கூடாது. வெண்டை அதில் மிக மோசம். எள், நிலக்கடலை, துலுக்கச் சாமந்தி போட்டுச் சுழற்ற வேண்டும். கலவையை வெறுமையாகக் கிளறி வெயிலில் புரட்டிப் போடுவதும் உதவும். ஆனால் அத்தனை வாரம் பாத்தி மேசைக்கு எதுவும் தராது. ஒன்பதில் ஒன்றை எப்போதும் ஓய்வுக்கு ஒதுக்கும் அளவுக்குப் பாத்திகள் அதிகம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

மற்றப் பூச்சிகளுக்கு வரப்புப் பயிராக மக்காச்சோளமோ சோளமோ இரண்டு வரிசை; முக்கியப் பயிருக்கு 15 நாள் முன்பே விதைத்தால்தான் பலன். வெள்ளை ஈயும் அசுவினியும் பறந்து வரும்போது தடுப்பதோடு, பொறிவண்டுகளுக்கு அதுவே வீடு. பாத்தியின் இரு முனையிலும் சாமந்தி. நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை, முட்டைக்கோஸ் புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, கூன்வண்டுக்குப் பெவேரியா என்ற பூஞ்சை. இவற்றைப் பெருக்கிக் கொடுக்க நாடு முழுக்க 200க்கும் மேற்பட்ட சிறு ஆய்வுக்கூடங்களைக் கியூபா உருவாக்கியது. அந்த ஏற்பாடு இல்லாத ஊரில் இதே பாத்தி இத்தனை லேசாக ஓடாது.

மேசையின் ஒழுங்கு

பிடுங்குவது விடியலில். வெயில் ஏறியபின் பிடுங்கிய இலை எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு குறைந்தாலே பார்வைக்கு வாடிவிடும். காலையில் மேசை திறக்கும்போது அன்று பிடுங்கியது மட்டும் இருக்க வேண்டும். நேற்றையது இருந்தால் தனியே வைத்து விலை குறைத்துப் பலகையிலும் எழுத வேண்டும். கலந்து விற்றால் ஒரே வாரத்தில் பேர் கெட்டுவிடும். அக்கம்பக்கத்துக் கடை என்பது தப்பு செய்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட முடியாத கடை.

விலையைப் பொறுத்தவரை, இடைத்தரகரும் லாரியும் இல்லாததால் பெரிய விவசாயச் சந்தையைவிடக் குறைத்து விற்க முடிந்தது. அதோடு பள்ளிகளுக்கும் முதியோர், மகப்பேறு இல்லங்களுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. மேசையில் காய்கறியோடு நாற்று, மூலிகை, மசாலா, பூச்செடி, ஊறுகாய், பூண்டு விழுது ஆகியவையும் விற்றார்கள். குளிர்காலத்தில் தக்காளி குவியும்போது அதை விழுதாக்கிக் கோடை மேசைக்குக் கொண்டுபோவது லாபத்தைவிட மேசை காலியாகாமல் இருக்கச் செய்யும் வேலை.

கூட்டுறவில் உள்ளவர்களுக்கு மாதாமாதம் முன்பணம்; கணக்கு முடிந்தபின் உபரியில் பங்கு. தினசரி கல்லாவில் விழும் ரொக்கமே முன்பணத்தைச் சாத்தியமாக்குகிறது. அறுவடை முடிந்து காசு பார்க்கக் காத்திருக்கும் விவசாயத்தில் இது நடக்காது. ஓய்வுபெற்றவர்களும் பெண்களும் கணிசமாகச் சேர்ந்ததற்கு, வீட்டிலிருந்து நடந்து வரும் தொலைவில் சம்பளம் கிடைத்தது ஒரு பெரிய காரணம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகர்ப்புற விவசாயத் தேசியக் குழு நாடு முழுவதும் சுற்றித் தோட்டங்களை நேரில் பார்த்துத் தரம் போடும். மட்குக் குவியல் எவ்வளவு, விதை எங்கிருந்து, காலிப் பாத்தி எத்தனை என்று கேட்பார்கள். காலிப் பாத்தி எத்தனை என்பது அருமையான கேள்வி. விளைச்சல் புள்ளிவிவரத்தைப் பூசி மெழுகலாம். வெறும் மண்ணை மறைக்க முடியாது.

எவ்வளவு பேருக்கு?

ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி என்பது கியூபா வைத்துக்கொண்ட இலக்கு. வருடத்துக்கு ஏறக்குறைய 110 கிலோ. சதுர மீட்டருக்கு 20 கிலோ என்ற நல்ல மகசூலில் ஆளுக்கு ஐந்தரை சதுர மீட்டர் பாத்தி வேண்டும். 6,000 சதுர மீட்டர் பாத்தியுள்ள ஒரு ஹெக்டேர் ஆயிரத்து நூறு பேருக்குக் காய்கறி தரும். மகசூல் பாதியானால் ஐந்நூற்று ஐம்பது பேர். தொடங்குகிறவர்கள் பாதியைத்தான் திட்டத்தில் எழுத வேண்டும். 1994இல் கியூபாவின் ஆர்கனோபோனிகோ சராசரியே சதுர மீட்டருக்கு 1.5 கிலோதான், 20ஐத் தாண்ட ஏழெட்டு வருடம் ஆயிற்று.

இது காய்கறிக் கணக்கு; சோற்றுக் கணக்கு அல்ல. அரிசி, கோதுமை, எண்ணெய், கோழி பெரும்பகுதி கியூபாவுக்கு இன்றும் இறக்குமதிதான். ‘ஹவானா தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்கிறது’ என்று எழுதுகிறவர்கள் அந்தத் தோட்டக்காரர்களுக்கு நன்மை செய்யவில்லை. கீரையும் காயும் வாசலுக்கு வந்ததே போதுமான சாதனை.

அண்மை வருடங்களில் நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2021 ஜனவரியில் இரட்டை நாணயம் ஒன்றானபின் எல்லா விலையும் ஏறியது. அதிகாரிகள் விலைக்கு உச்சவரம்பு வைக்கும்போது செலவு கட்டாத காய்கள் பலகையிலிருந்து காணாமல் போகின்றன. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. அதன்பின்னும் நீண்ட மின்வெட்டுகள். மைக்ரோ ஜெட் பாசனத்துக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். நாற்று ஒரு வெயில் நாளைத் தண்ணீரில்லாமல் தாண்டாது.

இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முழுத் தோட்டத்துக்கும் மேல்நிலைத் தொட்டி கட்ட முடியாது. ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 36,000 லிட்டர் தேவைப்படும். ஆனால் நாற்றங்காலுக்கும், நட்டு ஒரு வாரம் ஆகாத பாத்திகளுக்கும் மட்டும் போதுமான அளவை உயரத்தில் வைக்கலாம். மேலே போட்ட உதாரணத்தில் எப்போதும் இரண்டு பாத்திதான் அந்த வயதில் இருக்கும்: 432 லிட்டர். நாற்றங்காலுக்கு ஒரு 150 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி ஒன்று, இரண்டு மீட்டர் உயர மேடை, பூவாளி நிரப்பிக்கொள்ள ஒரு குழாய். அந்த உயரத்து அழுத்தத்தில் மைக்ரோ ஜெட் சரியாகத் தெளிக்காது என்பதால் கையால்தான் ஊற்ற வேண்டும். மின்சாரம் வரும் நேரத்தில் முதலில் நிரம்ப வேண்டியது இந்தத் தொட்டி, அதன்பிறகுதான் பாத்திகள்.